வலப்பக்கத் தாடை

என் மச்சான் அத்தாஉல்லாவுக்கு இந்த உலகத்தில் ஒரேயொரு எதிரிதான் இருந்தது. அது முள்ளம்பன்றி. புத்தளம் பக்கத்து எத்தாளையில் ஒரு முதலாளியின் தென்னந்தோட்டத்துக்கு மச்சான் காவல்காரர். புதிதாக நட்ட தென்னம்பிள்ளையின் குருத்தை அடியோடு கொறித்துவிட்டுப் போகும் அந்தப் பிராணியை அவர் விடாமல் துரத்தினார். அது விடாமல் அவரை ஏய்த்தது. கன்றைச் சுற்றித் தகரம் நட்டுப் பார்த்தார், முள் அடைத்துப் பார்த்தார், பழைய டயர் கொளுத்திப் பார்த்தார். காலையில் போனால் இரண்டு கன்று சாய்ந்து கிடக்கும். பக்கத்தில், வேண்டுமென்றே வைத்துவிட்டுப் போனது போல, கறுப்பும் வெள்ளையுமாக ஒரு முள் கிடக்கும்.

அந்த முள்ளை எடுத்துவந்து வீட்டில் கொடுப்பார். வீட்டில் என்றால் அவருடைய பெண்சாதி பளீலா, எனக்கு உடன்பிறந்த ராத்தா, என்னைவிட மூத்தவள். தலைவாரும்போது வகிடு எடுக்க அவளுக்கு அந்த முள்தான்.

"ஒங்கட எதிரிதான் எனக்குச் சாமான் வாங்கித் தாறான்" என்று சிரிப்பாள். வாய் நிறைய வெற்றிலையோடு சிரிப்பாள். மச்சான் சிரிக்க மாட்டார். அவர் சிரித்து நான் பார்த்தது மிகக் குறைவு. ஆனால் முள் கொண்டுவராமல் விட்டதும் இல்லை.

நான் தபால் கந்தோரில் இருந்து ஓய்வு பெற்றவன். ஊரில் எனக்குக் கோபக்காரன் என்று பெயர். அந்தப் பெயரில் பாதி மச்சானால் வந்தது. கேட்டதற்குப் பதில் சொல்லாத மனிதரோடு கதைத்தால் யாருக்குத்தான் கோபம் வராது? ஒரு கேள்வியைக் கேட்டுவிட்டு ஒரு தேத்தண்ணி குடித்து முடிக்கலாம், அதற்குப் பிறகுதான் "ம்" என்று வரும். பிள்ளை குட்டி இல்லாத வீடு. பேச்செல்லாம் ராத்தாவின் பேச்சு. அவர் கேட்டுக்கொண்டிருப்பார், அவ்வளவுதான்.

அந்த வாயில்தான் வந்தது. வலது கன்னத்தின் உள்பக்கம் ஒரு புண். சுண்ணாம்பு கூடிப்போச்சு என்று தேங்காய்ப்பால் கொப்பளித்தாள். பிறகு பல் ஆடியது. பிறகு சோறு மென்றால் கண்ணில் தண்ணீர் வந்தது. கொழும்புப் பக்கம் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனபோது டொக்டர் படத்தை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். புற்றுநோய் எலும்புக்குள் இறங்கிவிட்டது, கீழ்த்தாடையில் வலப்பக்கத்தை எடுக்க வேண்டும் என்றார். ராத்தா எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். அழவில்லை. "எடுத்தாப் பொறகு நான் கதைக்கிறது இவருக்கு விளங்குமா என்டு கேளுங்க" என்றாள். அது அவளுடைய முழு வாயால் நான் கேட்ட கடைசிப் பேச்சுகளில் ஒன்று.

ஒப்பரேஷன் முடிந்து டொக்டர் வெளியே வந்தபோது, வாழ்க்கையில் எவரிடமும் எதையும் கேட்டறியாத என் மச்சான் முன்னால் போய் நின்றார்.

"எடுத்த எலும்ப எங்களுக்குத் தாங்க, சேர்."

எங்கள் ஆட்களின் வழமை அது. உயிரோடு இருப்பவரின் உடம்பிலிருந்து எது வெட்டி எடுக்கப்பட்டாலும், ஒரு விரலாக இருந்தாலும், வெள்ளைத் துணியில் சுற்றி மண்ணுக்குக் கொடுக்க வேண்டும். குப்பையில் போட முடியாது. டொக்டர் நல்ல மனிதர், சிங்களவர், விளங்கிக்கொண்டார். சோதித்து முடித்த பிறகு தருகிறோம் என்றார். சொன்ன மாதிரி சில வாரம் கழித்துத் தந்தார்கள். ஒரு பிளாஸ்டிக் போத்தலுக்குள், மருந்துத் தண்ணீரில். புத்தளம் வரையும் பஸ்ஸில் மச்சான் அதைப் பையோடு மடியில் வைத்திருந்தார். பையை மேலே வைக்கச் சொல்லி கொண்டக்டர் சத்தம் போட்டான். மச்சான் கேட்டதாகவே காட்டிக்கொள்ளவில்லை.

இறந்தவர்களை அடக்கும் எங்கள் மையவாடி வெறும் மணல். பின்பக்கம் பற்றைக்காடு. கச்சான் காற்று வீசும் மாதங்களில் மணல் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் ஓடும். அதனால் கபுறுக் குழி வெட்டினால் ஆழமாக வெட்டி, மையத்து உடம்பின் மேல் பலகை அடுக்கி, பாய் விரித்து, மண் போட்டு, அதற்கும் மேலே உடைமரத்து முள் வெட்டிப் போடுவோம். நாய், நரி, முள்ளம்பன்றி எதுவும் கிளறக்கூடாது. இது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். மச்சானுக்குத் தெரியாதா?

ஆனால் அன்றைக்கு அவர் முழங்கை ஆழத்துக்குத்தான் குழி தோண்டினார். துணியில் சுற்றியதை உள்ளே வைத்தார். மண்ணைத் தள்ளப் போனவரை நான் நிறுத்தினேன்.

"மச்சான், ஒரு துண்டுப் பலகையாவது வைப்போம். இன்னும் கொஞ்சம் தோண்டுங்க."

அவர் நிமிர்ந்து பார்த்த பார்வை இன்னும் எனக்கு மறக்கவில்லை.

"உசிரோட இரிக்கிற பொம்பளைக்குப் பலகை வைக்கிறதா? ஒங்கட வாயில நல்ல வார்த்தையே வராதா, மச்சான்?"

அவர் என்னை ஏசியது அதுதான் முதல் தடவை. பலகை வைக்கவில்லை. முள்ளும் போடவில்லை. கபுறு மாதிரித் தெரியக்கூடாது என்பதில் குறியாக இருந்தார். அடையாளத்துக்கு ஒரு முருகைக்கல்லை மட்டும் வைத்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல் வீட்டுக்கு நடந்தார்.

அதற்குப் பிறகு ராத்தா இரண்டு வருஷத்துக்குக் கொஞ்சம் மேலே இருந்தாள். முகத்தின் வலப்பக்கம் உள்ளே இறங்கிப்போனது. சொற்கள் குழைந்து வந்தன. எனக்கு அரைவாசி விளங்காது. மச்சானுக்கு எல்லாம் விளங்கியது. அவள் ஏதோ சொல்வாள், அவர் எங்களுக்குத் திருப்பிச் சொல்வார். வாய் திறக்காத மனிதர் பெண்சாதிக்காகப் பேச்சாளர் ஆனார். அல்லாஹ்வின் வேலையைப் பார்த்தீர்களா என்று நான் ஒருமுறை பகிடிக்குச் சொன்னேன். ராத்தா சிரித்தாள். அந்தச் சிரிப்பைப் பார்த்த பிறகு நான் பகிடி பண்ணுவதைக் குறைத்துக்கொண்டேன்.

இன்னொன்றையும் கவனித்தேன். மச்சான் மெல்லுவதை நிறுத்திவிட்டார். அவளுக்குக் கஞ்சி என்றால் அவருக்கும் கஞ்சி. அவள் பாண் துண்டைத் தேத்தண்ணியில் ஊறவைத்தால் அவரும் ஊறவைத்தார். முறுக்கு, கச்சான் கடலை, பொரித்த மீன் எதுவும் அந்த வீட்டுப் படியேறவில்லை. ஆள் இளைத்துக் கயிறாகிப் போனார். "தோட்டத்தில போயாவது வயித்துக்கு நல்லாச் சாப்பிடுங்களேன்" என்று நான் சத்தம் போட்டேன். "பசிக்கல்ல" என்றார். பொய். பசித்தது. எனக்கு நன்றாகத் தெரியும்.

நோய் திரும்பி வந்தது. ஒரு நாள் ராத்தா என்னையும் பக்கத்தில் உட்காரச் சொன்னாள். மச்சான் வழமை போல அவள் சொல்வதைத் திருப்பிச் சொல்லத் தொடங்கினார், பாதியில் விட்டுவிட்டு அவள் போர்வையை இழுத்துச் சரிசெய்தார். ஆனால் அன்றைக்கு அவள் சொன்னது எனக்கே விளங்கியது.

"என்னைய வைக்கிற நேரம் அந்தத் துண்டையும் எடுத்து எனக்கிட்ட வைங்க. மறுமையில அரை வாயோட எழும்பி நான் என்னத்தக் கதைக்கிற?"

படைத்தவனுக்கு அதைச் சேர்க்கத் தெரியாதா என்று நான் ஏதோ மௌலவி மாதிரிச் சொல்ல வாயெடுத்தேன். மச்சான் முந்திக்கொண்டார். அவள் தலையில் கைவைத்து, "ஒன்ன முழுசா வைப்பேன், பளீலா" என்றார்.

கச்சான் காற்று முற்றியிருந்த நாளில் அவள் மௌத்தானாள். முருகைக்கல்லுக்குப் பக்கத்திலேயே கபுறு வெட்டச் சொன்னார். மற்றவர்கள் வெட்டும்போதே அவர் ஒரு சின்ன மண்வெட்டியோடு கல்லடியில் உட்கார்ந்தார். கல் சரிந்து கிடந்தது. அதன் பக்கத்தில் பழைய கிளறல், மணல் மூடி, தட்டுப்போலக் குழிந்திருந்தது. தோண்டினார். துணியில் ஒரு கிழிசல் வந்தது. வேறொன்றும் வரவில்லை. மண்வெட்டியைப் போட்டுவிட்டு இரண்டு கையாலும் அள்ளினார். அள்ளிய மணலை விரலால் சலித்தார். கடைசியில் கையில் வந்தது ஒரு முள். கறுப்பும் வெள்ளையுமான முள்.

ஜனாஸாவைத் தாமதிக்க முடியாது. மச்சானே கபுறுக்குள் இறங்கினார். எங்கள் முறைப்படி மையத்தை வலப்பக்கம் சரித்து, கிப்லாவைப் பார்க்கவைத்து, கபன் துணியை விலக்கி வலது கன்னம் மண்ணில் படவைக்க வேண்டும். ராத்தாவுக்கு அந்தக் கன்னத்தில்தான் எலும்பு இல்லை. முகம் மண்ணுக்குள் கவிழப் பார்த்தது. மச்சான் ஒரு பிடி மணலை அள்ளி, கன்னத்துக்கடியில் தாடை மாதிரி வனைந்து வைத்தார். சரிந்தது. மறுபடி வனைந்தார். மேலே நின்றவர்கள் "கெதியா, கெதியா" என்றார்கள். நான் அவர்களை ஏசினேன். கபுறடியில் ஏசக்கூடாதுதான். ஏசினேன்.

அதற்குப் பிறகு மச்சான் தோட்டத்தை மறந்துபோனார். நாள் முழுக்கப் பற்றைக்குள் வளை தேடித் திரிந்தார். கன்றுகளை முள்ளம்பன்றி தின்றது, முதலாளி வேறு ஆள் போட்டார். மச்சானுக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று ஊர் சொன்னது. எனக்கு வந்த கோபம் ஊர் மேலா அவர் மேலா என்று எனக்கே தெரியாது.

அந்த நேரத்தில்தான் ஃபஸ்னா வந்தாள். புத்தளத்துப் பிள்ளை, பல்கலைக்கழகத்தில் மேற்படிப்புப் படிக்கிறாள். கொறித்துத் தின்னும் பிராணிகளின் தாடைதான் படிப்பு. இரத்தினபுரிப் பக்கத்துக் குகைகளில் தோண்டி எடுத்த, ஆயிரக்கணக்கான வருஷப் பழைய எலித் தாடைகளையும், இப்போது உயிரோடு இருப்பவற்றின் தாடைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எப்படி மாறியிருக்கின்றன என்று அளக்கிறாளாம். கரையோரத்து முள்ளம்பன்றித் தாடை ஒன்று வேண்டும் என்று ஆட்டோவில் பெட்டி பெட்டியாகக் கொண்டு வந்து இறங்கினாள். எலி வாய் பார்க்கவா இவ்வளவு படித்தாள் என்று கடைத்தெருவில் சிரித்தார்கள். யாரோ அவளை என்னிடம் அனுப்ப, நான் மச்சானை வரவழைத்தேன்.

என் விறாந்தை மேசையில் அவள் பஞ்சு விரித்துத் தாடைகளை அடுக்கினாள். எலியுடையது, அணிலுடையது, வெள்ளெலியுடையது. முள்ளம்பன்றிக்கு மட்டும் குகையில் கிடைத்த ஒரு துண்டின் அச்சு.

"இங்க பாருங்க, மாமா. எல்லாத்துக்கும் முன்னுக்கு உளிப்பல், பொறகு இடைவெளி, பொறகு கடைவாய். அது ஒண்டுதான். ஆனா அணிலுக்குத் தாடையின்ட பின்மூலை நேரா கீழ இறங்குது. முள்ளம்பன்றிக்கு வெளிப்பக்கமா விரியுது. மெல்லுற தசை பிடிக்கிற இடம் வேற. என்னத்தத் தின்னுதோ, எப்பிடித் தின்னுதோ, அதுக்கேத்த மாதிரித் தாடை மாறிக்கொண்டே வந்திரிக்கு."

மச்சான் வெகுநேரம் பார்த்தார். பிறகு கேட்டார், "ஒரு ஆயுசிலயா மாறும்?"

"இல்ல மாமா. தலைமுறை தலைமுறையா, ஆயிரம் ஆயிரம் வருஷமா. ஒரு ஆயுசில தேயும், உடையும். மாறாது."

எங்கள் ராத்தாவின் தாடை ஒரே காலையில் மாறியது. அதைச் சொல்ல நாக்கு நுனி வரை வந்தது, விழுங்கிக்கொண்டேன். மச்சான் அடுத்த கேள்வியைக் கேட்டார். முள்ளம்பன்றி எதற்கு எலும்பை எடுத்துக்கொண்டு போகிறது?

அவளுக்கு அது நன்றாகத் தெரிந்த சங்கதி. அந்த உளிப்பல் சாகும் வரை வளருமாம். தேய்க்காவிட்டால் வாயே பூட்டிவிடும். காய்ந்த எலும்பைக் கொறித்தால் பல்லும் தேயும், உடம்புக்கு வேண்டிய சுண்ணாம்புச் சத்தும் கிடைக்கும். அதனால் கண்ட கண்ட எலும்பையெல்லாம் இழுத்துக்கொண்டுபோய் வளைக்குள் வைத்துக்கொண்டு, வேளை வேளைக்குக் கொறிக்கும் என்றாள். சொல்லிவிட்டு, "ஏன் மாமா கேக்குறீங்க?" என்றாள். மச்சான் தலையைக் குனிந்துகொண்டு எல்லாவற்றையும் சொன்னார். போத்தல், துணி, முழங்கை ஆழம், வைக்காத பலகை, எல்லாம். அவர் அவ்வளவு சேர்த்துப் பேசி நான் கேட்டதில்லை. ஃபஸ்னா தன் தாடைகளை ஒவ்வொன்றாகப் பஞ்சில் சுற்றிப் பெட்டிக்குள் வைத்தாள். "வளை எங்க இரிக்கு?" என்று மட்டும் கேட்டாள்.

மையவாடிக்குப் பின்னால், ஒரு பழைய புற்றடியில் இருந்தது. மறுநாள் காலை மூவரும் போனோம். மச்சான் மண்வெட்டியால் திறந்தார், அவள் கரண்டியாலும் தூரிகையாலும் எடுத்தாள். பிராணி எதுவும் உள்ளே இல்லை. எலும்பு நிறைய இருந்தது. ஆடு, மாடு, ஆமை ஓடு. எல்லாவற்றிலும் இரட்டைப் பள்ளம், உளியால் செதுக்கியது போல. டொக்டர் அறுத்த நேர்வெட்டு ஒரு முனையில் இருக்கும் என்று அவள் தேடினாள். கிடைக்கவில்லை. கடைசியில் பெருவிரல் அளவு ஒரு துண்டு கிடைத்தது. எல்லாப் பக்கமும் கொறிபட்டு வழுவழுவென்று இருந்தது.

அவள் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"தெரியாது, மாமா. ஆடா, மாடா, மனிசனா, ஒண்டும் சொல்ல ஏலாத அளவுக்குத் தின்டிரிக்கு."

"ஓம் என்டு சொல்லுங்களேன், மகள்."

அவள் கண் நிறைந்துவிட்டது. ஆனாலும் சொல்லவில்லை. எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. ஆமாம் என்று ஒரு ஓம், அவ்வளவுதானே? அந்தப் பொய் யாரைக் கொன்றுவிடும்? படித்ததுகளுக்கு நெஞ்சில் ஈரமில்லை என்று வாய்விட்டே சொன்னேன். மச்சான்தான் என்னைத் தடுத்தார். துண்டை அவள் கையிலிருந்து வாங்கி, வளைக்குள்ளேயே திரும்ப வைத்தார். "ஆட்டெலும்பப் பளீலாட பக்கத்தில வைக்க ஏலாது, மச்சான். புள்ள செஞ்சது சரி."

சில நாள் கழித்து அந்த வளைக்கு நேரே, வெங்காயப் பாத்திக்காரர் ஒருவர் கட்டிய கம்பிக் கண்ணியில் ஒரு கிழட்டு முள்ளம்பன்றி மாட்டிச் செத்துக் கிடந்தது. ஃபஸ்னா அதைக் கேட்டு வாங்கினாள். என் வீட்டுப் பின்வளவில், இனி சமையலுக்கு உதவாத ஒரு பானையில், தலையை அவித்துச் சதை எடுத்தாள். என் பெண்சாதி அன்று முழுக்க என்னோடு கதைக்கவில்லை. கீழ்த்தாடை கழன்று வந்தபோது இரண்டு துண்டாகவே வந்தது. இந்த இனத்துக்கு இரண்டு பாதியும் நடுவில் ஒட்டிக்கொள்வதில்லை, சதை போனால் தானாகப் பிரியும் என்றாள். வெயிலில் காயவைத்தாள். மூலைகள் அவள் சொன்ன மாதிரியே வெளியே விரிந்திருந்தன. குகையில் கிடைத்த அச்சைப் பக்கத்தில் வைத்தாள். அவ்வளவு வருஷத்துக்கு அப்பால் இருந்தும் ஒரே சாயல்.

மச்சான் குந்தியிருந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"தின்ட எலும்பு எங்க போகும், மகள்?"

"சத்து ரத்தத்தில சேரும். பொறகு எலும்புக்குப் போகும், பல்லுக்குப் போகும்."

"இதுக்குமா?"

அவள் யோசித்தாள். அவசரப்படவில்லை. "ஒரு வளையில இரிக்கிறவை ஒரே எலும்ப மாறி மாறித்தான் கொறிக்கும். இது அந்த வளையில பழைய ஆள். பல்லைப் பாத்தாலே தெரியுது." பிறகு நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தாள். "ஓம், மாமா. கொஞ்சமாவது இதுக்குள்ள இரிக்கும்."

நான் அன்றைக்கு ஏசியது எவ்வளவு தப்பு என்று அந்த ஓம் கேட்டபோதுதான் விளங்கியது. பொய் சொல்லாதவளின் ஓமுக்கு மதிப்பு இருந்தது.

மச்சான் கையை நீட்டவில்லை. கேட்கவும் இல்லை. ஃபஸ்னாவே சொன்னாள், "நாங்க அளக்கிறது எப்பவும் இடப்பக்கம்தான். எனக்கு அது போதும்." வலப்பக்கத்தைப் பஞ்சோடு எடுத்து அவர் கையில் வைத்தாள்.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. "மச்சான், பள்ளிவாசலுக்குத் தெரிஞ்சா ஊரவிட்டே தள்ளிவைப்பாங்க. பேரிலயே பன்றி இரிக்கிற சாமான். அத மையவாடிக்குள்ள..."

"அது எலிட சாதி என்டு புள்ள சொன்னாதானே."

"எந்தச் சாதியா இருந்தா என்ன!"

அவர் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "இதுக்குள்ள இல்லாட்டி, பளீலாட தாடை வேற எங்க மச்சான் இரிக்கு? சொல்லுங்க, அங்க போறேன்."

கேட்டதற்குப் பதில் சொல்லாமல் இருந்தது அந்த ஒருமுறை நான்தான்.

அஸர் தொழுகை முடிந்து ஆட்கள் கலைந்த பிறகு போனோம். நான் வாசலில் காவல் நின்றேன். இந்த வயதில் எனக்கு வாய்த்த உத்தியோகம். கபுறைத் திறக்கக்கூடாது. அதனால் தலைமாட்டில், அடையாளத்துக்கு நட்ட மீசான் கட்டையை ஒட்டி வெளிப்பக்கமாகத் தோண்டினார். முழங்கை ஆழம் போயிற்று. அவர் நிறுத்தவில்லை. தோள் வரைக்கும் கை போகும் அளவு தோண்டி, குப்புறப் படுத்து, கபன் துணியில் மிஞ்சிய ஒரு கிழியில் சுற்றியதைக் கீழே இறக்கினார். வைத்த கையை உடனே எடுக்கவில்லை. மணலில் கன்னம் பதித்து, வலது கன்னம், அப்படியே கிடந்தார்.

நான் பக்கத்தில் போய்த் தோளைத் தொட்டேன். எழுந்து உட்கார்ந்தார். முகத்தில் ஒட்டிய மணலைத் துடைக்கவில்லை. கொண்டுவந்த உரப்பையைத் திறந்தார். உள்ளே ஒரு துண்டுப் பலகை இருந்தது. குழி அளவுக்கு அறுத்து, ஓரம் சீவியது. ஒரு சாண் பாய்த்துண்டும், ஒரு கட்டு உடை முள்ளும் இருந்தன.

பலகையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"இப்ப வைக்கலாம்தானே, மச்சான்?"

ஓம் என்றேன். அதைச் சொல்லி முடிக்க எனக்கு இரண்டு தடவை வேண்டியிருந்தது.